ரெக்கார்டர் டிஸ்க்கை மாதாமாதம் ஃபார்மெட் செய்யாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிசிடிவி ரெக்கார்டரின் ஹார்டு டிஸ்க்கை மாதம் ஒருமுறை ஃபார்மெட் செய்தால் ‘ஸ்பீடு’ குறையாது என்று பலரும் சொல்லி வருகிறார்கள். டீஃப்ராக் (சிதறிய கோப்புத் துண்டுகளைச் சேர்த்து அடுக்குவது) போடச் சொல்வோரும் உண்டு. இரண்டாலும் பயனில்லை. முதலாவது ஆபத்தும்கூட: நாளை சாட்சியாகத் தேவைப்படும் பதிவு ஒரே சொடுக்கில் போய்விடும்.

சிறிதும் பெரிதுமாக எழுதி, இடையிடையே அழித்து, கிடைத்த இடைவெளிகளில் புதியதைத் திணிப்பதால்தான் கணினியில் கோப்புகள் சிதறுகின்றன. தனிப் பெட்டியாக வரும் டிவிஆர், என்விஆர் வகை ரெக்கார்டர்கள் பெரும்பாலும் அப்படி எழுதுவதில்லை. முதல் ஃபார்மெட்டின்போதே டிஸ்க்கைச் சம அளவுள்ள பெரிய தொகுதிகளாகப் பிரித்துக்கொள்ளும். டிஸ்க் நிறைந்ததும் இருப்பதிலேயே பழைய தொகுதியின் மேல் புதியது ஏறும். சிதறல் பெரிதாக வராது.

விண்டோஸ் கணினியில் மென்பொருள் மூலம் பதிவு செய்வோர் நிலை வேறு. 16 கேமராக்கள் ஒரே நேரத்தில் எழுதும்போது ஒவ்வொன்றின் கோப்பும் துண்டு துண்டாகத்தான் விழும். அங்கும் டீஃப்ராக் உதவாது. எப்போதும் நிறைந்தே கிடக்கும் டிஸ்க்கில் கோப்புகளை நகர்த்தக் காலியிடம் இல்லை. பாடுபட்டு அடுக்கினாலும் சில நாளில் அவற்றின் மேல் புதுப் பதிவு ஏறிவிடும். பதிவுக்குத் தனி டிஸ்க் ஒதுக்கி, விண்டோஸின் என்டிஎஃப்எஸ் ஃபார்மெட்டில் அலகு அளவை (‘அலொகேஷன் யூனிட் சைஸ்’) 64 கேபி என வையுங்கள். அந்த டிரைவுக்கு மட்டும் தானியங்கி ஆப்டிமைஸ் (விண்டோஸ் தானே போடும் டீஃப்ராக்), இண்டெக்ஸிங் (தேடலுக்காகக் கோப்புகளைப் பட்டியலிடுவது) இரண்டையும் நிறுத்துங்கள். பதிவுகள் சேரும் ஃபோல்டரை ஆன்ட்டிவைரஸ் சோதனையிலிருந்து விலக்குங்கள்.

டிஸ்க் தேய்வதற்குக் காரணம் அது ஓயாமல் எழுதுவதுதான். 4 எம்பிபிஎஸ் (நொடிக்கு 4 மெகாபிட்) வேகத்தில் ஓடும் ஒரு கேமரா நாளுக்கு 43 ஜிபி எழுதும். 8 கேமரா என்றால் சுமார் 345 ஜிபி, ஆண்டுக்கு 126 டிபி. சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க்குகள் பலவற்றுக்கு ஆண்டுச் சுமை 55 டிபி என்றே தயாரிப்பாளர்கள் குறிக்கிறார்கள். கண்காணிப்புக்கென்றே வரும் பர்ப்பிள், ஸ்கைஹாக் வகைகளுக்கு 180 டிபி. மேலும், டெஸ்க்டாப் டிஸ்க் கெட்ட செக்டார் (பழுதான சிறு பகுதி) ஒன்றில் மாட்டினால் பல விநாடிகள் அதையே மீண்டும் மீண்டும் படிக்க முயலும். அதற்குள் ரெக்கார்டரின் பஃபர் (தற்காலிக நினைவகம்) நிரம்பி, சில ஃபிரேம்கள் பதிவாகாமல் விடுபட்டுவிடும். பிளேபேக்கில் அங்கங்கே காட்சி தாவுவது பல நேரம் இதனால்தான்.

மாதம் ஒருமுறை செய்ய வேண்டியது ஒன்று உண்டு: ரெக்கார்டர் மெனுவில் ‘ஸ்மார்ட்’ பக்கத்தை (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே காட்டும் பட்டியல்) திறந்து பாருங்கள். 05, சி5, சி6 ஆகிய வரிகள் கெட்ட செக்டார்களைப் பற்றியவை; அவற்றின் மூல மதிப்பு (‘ரா வேல்யூ’) பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். 05 அல்லது சி5 வாரா வாரம் ஏறினால் டிஸ்க்கை மாற்றிவிடுங்கள். ஃபார்மெட் போட்டுப் பார்த்துக் காலம் கடத்த வேண்டாம். தரவுப் பரிமாற்றப் பிழைகளை எண்ணும் சி7 மட்டும் ஏறினால் பெரும்பாலும் கோளாறு டிஸ்க்கை இணைக்கும் சாட்டா கேபிளில்தான். கேபிளை மாற்றினால் போதும், நல்ல டிஸ்க்கைத் தூக்கி எறிய வேண்டாம். வெப்பநிலை 45 டிகிரிக்குள் இருக்கட்டும். மூடிய மர அலமாரிக்குள் ரெக்கார்டரை அடைக்கவே கூடாது.

ரெக்கார்டர் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆனாலும் பழி டிஸ்க் மீதுதான் விழுகிறது. 3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் 12 வோல்ட்டில் மட்டும் 2 ஆம்பியர் வரை இழுக்கும். பழைய 2 ஆம்பியர் அடாப்டர் அதைத் தாங்காது. கேமராக்களுக்கும் அதே அடாப்டரிலிருந்து மின்சாரம் எடுத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். திடீர் மின்வெட்டில் பதிவின் இண்டெக்ஸ் (எது எங்கே இருக்கிறது என்ற பட்டியல்) பழுதாகும் என்பதால் சிறிய யுபிஎஸ் ஒன்று கட்டாயம் வேண்டும். தேதி தானாக 2000-க்கோ 1970-க்கோ போனால் மதர்போர்டில் உள்ள பட்டன் பேட்டரியை மாற்றுங்கள்; பெரும்பாலும் சிஆர்2032.

லைவ் காட்சி தெரிகிறது என்பதற்காகப் பதிவும் ஆகிறது என்று நம்பிவிடாதீர்கள். வாரம் ஒருமுறை ஏதாவது ஒரு கேமராவின் முந்தைய நாள் இரவுப் பதிவை ஓட்டிப் பாருங்கள். அசம்பாவிதம் நடந்தால் உடனே பென் டிரைவில் நகல் எடுத்து, ரெக்கார்டரில் அந்தப் பகுதியின் மேல் புதியது ஏறாதபடி ‘லாக்’ செய்யுங்கள். மேற்சொன்ன 8 கேமராக்களுக்கு 4 டிபி டிஸ்க் 11 நாள்தான் தாங்கும். அதன் பிறகு மேலெழுதப்பட்ட காட்சியை எந்த மீட்பு மென்பொருளாலும் எடுக்க முடியாது.

இப்படிக்கு,
கண்காணிப்புக் கேமரா பராமரிப்புத் தொழிலாளர்கள்