கோலாலம்பூர் செந்தூலிலிருந்து அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

"கம்பெனி கார்டுதான் இருக்கே, அங்கேயே பெரிய ஆஸ்பத்திரியில் பெத்துக்கிட்டா என்ன?" என்று கேட்டாய். பதில் சொல்வதற்குள் போன் கட்டாகிவிட்டது.

அது இவர் கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீட்டு அட்டை. அதில் கால் உடைந்தால் கட்டுப் போடலாம், குடல்வால் வீங்கினால் ஆபரேஷன் செய்யலாம். பிரசவத்துக்கு ஒரு காசு வராது. இவர் காப்பீட்டு ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்டதற்கு, "பிரசவம் நோய் இல்லைங்களே" என்றாராம் அங்கே ஒருவர். மூன்றாம் மாதம் வாந்தி எடுத்து நான் கிடந்த கிடப்பை அவர் பார்த்திருக்க வேண்டும்.

எதிர்வீட்டு அக்கா இங்கேயே பிறந்து வளர்ந்தவர். அவருக்கு இது எட்டாம் மாதம். போன வாரம் அரசு கிளினிக்குக்குத் துணைக்குப் போனேன். அவர் கையில் இருக்கும் புத்தகத்தில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் ஒட்டுகிறார்கள். வெள்ளை என்றால் நர்ஸ் பார்த்தாலே போதும். சிவப்பு என்றால் அப்போதே ஆஸ்பத்திரி. ரத்தம் கொஞ்சம் குறைவாம், அதனால் அக்காவுக்குப் பச்சை. பேரீச்சம்பழம் வாங்கிக்கொண்டுதான் வீடு திரும்பினோம்.

இங்கே மலேசியாவில் எல்லோருக்குமான அரசுக் காப்பீடு கிடையாது. வரிப்பணத்திலேயே அரசு ஆஸ்பத்திரி நடக்கிறது. அக்காவிடம் நீல ஐசி, அதாவது இந்நாட்டுக் குடிமக்களுக்கான அடையாள அட்டை, இருக்கிறது. டாக்டரைப் பார்க்க 1 வெள்ளி, ஸ்பெஷலிஸ்ட் என்றால் 5 வெள்ளி, மூன்றாம் வகுப்பு வார்டில் நாளுக்கு 3 வெள்ளி. ரிங்கிட்டைத்தான் வெள்ளி என்கிறார்கள். அதே வரிசையில் நான் நின்றால் டாக்டருக்கு 40, ஸ்பெஷலிஸ்ட்டுக்கு 120. படுக்க வேண்டுமென்றால் முன்பணம் வேறு. தனியார் பக்கம் போனால், அம்மா, அது நம் வீட்டு நகையையே கேட்கும்.

அதனால் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். வழக்கம் என்று மாமியாரிடம் சொல்லிக்கொள்கிறேன், நிஜம் உனக்குத் தெரிந்தால் போதும். 28 வாரம் ஆகிவிட்டால் விமானத்தில் டாக்டர் கடிதம் கேட்பார்கள், அதற்கு முன்பே வந்துவிடுகிறேன். நம் ஊர் நர்சம்மாவிடம் சொல்லி வை, வந்ததும் பெயர் பதிய வேண்டும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் உதவி நமக்கு வராது, வெளிநாட்டுச் சம்பளம் என்பார்கள். போகட்டும்.

அப்புறம், அடுத்த வாரம் மாமா வருகிறாரல்லவா? பிரசவ லேகியம் ஒரு டப்பா கிளறிக் கொடுத்தனுப்பு. எனக்கில்லை, அக்காவுக்கு. பூண்டு கொஞ்சம் குறைத்துப் போடு, அவருக்கு வாசனை ஆகாது.

உன் மகள்