மாவு பொங்கும் இடத்தில் ஒரு ஸ்டூல்

எங்கள் ஊட்டி காந்தல் தெருக்காரர்களுக்கும், பள்ளியில் உள்ளவர்களுக்கும், முக்கியமாகப் பேக்கரி அண்ணனுக்கும் வணக்கம்.

திங்கட்கிழமை பட்டறை வகுப்பில் என் மகன் செய்த மர ஸ்டூல் பிரிந்து, உட்கார்ந்தவர் கீழே விழுந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். யார் உட்கார்ந்தபோது நடந்தது என்பதும் தெரியும். ஊர் சிரித்து முடித்துவிட்டது, இப்போது நானும் சிரிக்கிறேன். திங்கள் ராத்திரி சிரிக்கவில்லை. சரி, அதைத் திரும்பக் கிளற வேண்டாம். வெள்ளிக்கிழமை மகன் ஸ்டூலைச் சரிசெய்து ஒப்படைத்துவிட்டான். பட்டறை சார் தானே அதன் மேல் ஏறி நின்று பார்த்தார். ஒரு சத்தம் வரவில்லை.

எட்டு மாத வேலை அது. ஜூன் மாதம் கையில் ஒரு சில்வர் ஓக் பலகையைக் கொடுத்து, இழைத்துக் காட்டு என்றார்கள். தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் மரம்தானே, பிள்ளை ஒரு வாரத்தில் முடித்துவிடுவான் என்று நினைத்தேன். ஒரு மாதம் முழுக்க இழைப்புளியோடுதான் இருந்தான். மூலைமட்டத்தைப் பலகையில் வைத்து ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தால், இடுக்கில் கீற்று வெளிச்சம்கூடத் தெரியக் கூடாதாம். தெரிந்துகொண்டே இருந்தது. அவன் சட்டைப் பையில் கிடக்கும் மரச்சுருளைத் துவைக்கும்போது நான்தான் எடுத்துப் போடுவேன். முதலில் தடித்தடியாக, உடைந்த சில்லாக வரும். ஆகஸ்ட் வாக்கில் வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசாக, முழுச் சுருளாக வர ஆரம்பித்தது. அவன் கை தேறிவருகிறது என்று எனக்குத் தெரிந்தது துணி துவைக்கும் கல்லில்தான்.

அப்புறம் கால்கள். பசை போடாமல் பூட்டிப் பார்த்தபோது ஆடியது. நீளமாக இருந்த காலைக் கொஞ்சம் அறுத்தான். அடுத்த கால் ஆடியது. அதையும் அறுத்தான். 18 அங்குலத்தில் தொடங்கிய ஸ்டூல் பதினாறரைக்கு வந்த பிறகுதான் சாரிடம் போய்க் கேட்டான். அவர் திட்டவில்லை. சமமான மேசையில் நிறுத்தி, குட்டையான காலுக்கு அடியில் மரச்சில்லு கொடுத்து, ஒரு மரத்துண்டின் மேல் பென்சிலை வைத்து நான்கு காலையும் சுற்றிக் கோடு போடச் சொன்னார். கோட்டில் அறுத்ததும் ஆட்டம் நின்றது. அன்று வீட்டுக்கு வந்து எங்கள் அம்மிக்கல்லைத் தவிர எல்லாவற்றையும் ஆடுகிறதா என்று சோதித்தான்.

இவ்வளவு தூரம் வந்த வேலையைக் கெடுத்தவள் நான். இதைச் சொல்லத்தான் முக்கியமாக எழுதுகிறேன், ஏனென்றால் பையனின் கவனக்குறைவு என்று சிலர் பேசியது என் காதில் விழுந்தது. சனிக்கிழமை ராத்திரி பசை போட்டுக் கட்டியதும், உள்ளே வைக்கட்டுமா அம்மா என்றுதான் கேட்டான். எங்கள் வீடு ஒற்றை அறை. என் தையல் மெஷினும் அவசரத் தையலுக்கு வந்த துணி மூட்டையும் போக இடம் இல்லை. வெளியே திண்ணையில் வை என்றேன். மறுநாள் காலை உறைபனி. தலைகுந்தா பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடந்ததாமே, அதே காலைதான். வெள்ளைப் பசை தண்ணீர் கலந்தது. குளிர் 10 டிகிரிக்கும் கீழே இறங்கிவிட்டால் அது ஒன்றுகூடிப் படலமாகப் பிடிக்காமல் சுண்ணாம்பாகிவிடும் என்று சார் பிறகு விளக்கினார். பிரிந்த இணைப்பை அவர் திருப்பிக் காட்டியபோது, பசை கரும்பலகைச் சாக்பீஸ் தூள் மாதிரி உதிர்ந்தது. 7,000 அடிக்கு மேலே இருக்கிற ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியவில்லை.

செவ்வாய் சாயங்காலம் பேக்கரிக்குப் போனது ரொட்டி வாங்கத்தான். பையன் முந்தின நாளிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. என்னம்மா முகம் வாடியிருக்கு என்று அண்ணன் கேட்டார், சொன்னேன். உதவி கேட்கவில்லை, கேட்கத் தோன்றவும் இல்லை. அவர் ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே, "திரும்பப் பசை போட்டதும் இங்க தூக்கிட்டு வரச் சொல்லும்மா" என்றார்.

எட்டு மணிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். இறுக்கிக் கட்டியிருந்த இரவல் கிளாம்பும் சைக்கிள் டியூபுமாக, அடிபட்ட ஆடு மாதிரி இருந்தது ஸ்டூல். உள்ளே விறகு அடுப்புக்கு அடுத்த சுவர். அண்ணன் சுவரில் உள்ளங்கையை வைத்து வைத்து, ஓரடி ஓரடியாக நகர்ந்து போனார். ஓர் இடத்தில் நின்றார். "வர்க்கி வேகுற சூடு வேணாம், மரம் வெடிச்சிரும். மாவு பொங்குற சூடு போதும்." அங்கே மூடி வைத்திருந்த வர்க்கி மாவுத் தட்டை எடுத்து வேறு பக்கம் வைத்துவிட்டு, ஸ்டூலை நிறுத்தினார். புவிசார் குறியீடு வாங்கிய ஊட்டி வர்க்கிக்கான இடம் அது, ஒன்பதாம் வகுப்புப் பையனின் ஸ்டூலுக்குக் கிடைத்தது.

இரவில் அடுப்பு வேலைக்கு நடுவே நான்கு தடவை திருப்பி வைத்திருக்கிறார், ஒரே பக்கம் காயக் கூடாதென்று. காலையில் போய்ப் பார்த்தபோது மூட்டு ஓரத்தில் பிதுங்கியிருந்த பசைச் சொட்டுகள் கண்ணாடி மாதிரி இருந்தன. மகன் நகத்தால் சுரண்டிப் பார்த்தான், வரவில்லை. காசு நீட்டினேன். உடைந்த வர்க்கி ஒரு பை நிறையக் கொடுத்து அனுப்பினார். இடம் மாறிய அந்தத் தட்டு மாவு சரியாகப் பொங்கவில்லை என்பதை இரண்டு நாள் கழித்துக் கடைப்பையன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அண்ணன் வாய் திறக்கவில்லை.

மற்றவர்களையும் மறக்கவில்லை. பழைய பசை இருந்தால் புதுப் பசை மரத்துக்குள் இறங்காது என்று உட்கார்ந்து சுரண்டச் சொல்லிக்கொடுத்த எதிர்வீட்டு ஆசாரி தாத்தா, உப்புத்தாள் கொடுத்தவர், டியூப் கொடுத்த சைக்கிள் கடைக்காரர், ஜீப்பில் பள்ளிவரை ஏற்றிப்போன தம்பி, வெள்ளிவரை நேரம் கொடுத்த சார், எல்லோருக்கும் நன்றி. உட்கார்ந்து விழுந்தவருக்கும்தான். எழுந்து சட்டையைத் தட்டிவிட்டு, பையனின் தோளைத் தட்டிக்கொடுத்தாராம்.

இனிமேல் மகன் எதைச் செய்துகொண்டிருந்தாலும் அது வீட்டுக்குள்தான் இருக்கும், என் துணி மூட்டை திண்ணைக்குப் போகும். அண்ணனுக்கு, அடுப்புக்குள் தட்டு தள்ளுகிற நீளக் கட்டை ஒன்று செய்து தருவதாக அவனும் சொல்லியிருக்கிறான். இப்போதே அளவு எடுத்து வந்துவிட்டான். ஸ்டூலின் அடிப்பலகையில் மாவுக் கை பட்ட ஐந்து விரல் தடம் இருக்கிறது. வார்னிஷ் அடிக்கும்போது அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டான். ஏன் என்று நான் கேட்கவில்லை.

கடைசியாக ஒன்று. இரவல் வந்த கிளாம்புகளில் இரண்டு யாருடையவை என்று தெரியவில்லை. ஒன்றின் கைப்பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருக்கிறது. வீட்டில்தான் இருக்கின்றன, வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.