பூங்காவில் கொஞ்சம் மண் தரை விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜூன் 21 நெருங்கினால் போதும், எங்கள் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் யோகா வகுப்பு பேனர் ஏறிவிடும். 2015-லிருந்து வருஷா வருஷம் நடப்பதுதான், நல்லதுதான். இப்போது அதே பேனரில் அடிமுறை (கை காலால் அடித்தும் தடுத்தும் பழகுகிற நம் பக்கத்துத் தற்காப்புக் கலை), சிலம்பம், யோகா மூன்றும் ஒரே வகுப்பில் என்று போடுகிறார்களே, அதைப் பற்றியும் அதற்கு வேண்டிய தரையைப் பற்றியும்தான் இந்தக் கடிதம்.

சேர்த்துச் செய்யலாமா என்றால் தாராளமாகச் செய்யலாம். சின்ன வயதில் ஓர் ஆசானிடம் அடிமுறை படித்தவன் நான். அப்புறம் கடை, குடும்பம் என்று எல்லாம் விட்டுப்போய், நாள் முழுக்கக் கடையில் நின்று நின்று இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகு டாக்டர் சொல்லி யோகாவுக்குப் போனேன். உடம்பு கொஞ்சம் இளகியதும் பழைய சுவடுகளும், அதாவது அடிமுறையின் காலடி வரிசைகளும், காலுக்குத் திரும்பி வந்துவிட்டன. இப்போது காலையில் இரண்டும் உண்டு.

ஆனால் எதை முதலில் செய்வது என்று ஒன்று இருக்கிறது. முதலில் ஒற்றைச்சுவடு என்கிற அடிப்படைச் சுவடு, மெதுவாக, உடம்பு வியர்க்கிற வரை. அப்புறம் உதையும் தடையும். புஜங்காசனம், பச்சிமோத்தாசனம், சவாசனம் எல்லாம் கடைசியில்தான். மண்டப வகுப்புகளில் இது தலைகீழாக நடக்கிறது. ஒரு நிமிஷத்துக்கு மேல் குனிந்து காலைப் பிடித்தபடி கிடந்துவிட்டு உடனே எழுந்து உயர உதைக்கச் சொல்கிறார்கள். அப்படி நீண்ட நேரம் இழுத்துப் பிடித்த தசைக்கு அந்த நேரத்தில் வேகமும் வலுவும் சற்றுக் குறையும், விளையாட்டுப் பயிற்சியாளர் யாரைக் கேட்டாலும் சொல்வார். மூச்சு விஷயத்தில் மட்டும் இரண்டும் ஒன்றுதான். அடிக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வது புதிதாகப் படிக்கிறவர்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம். "மூச்ச விடு மக்கா" என்று ஆசான் கத்திக்கொண்டே இருப்பார். பிராணாயாமம் பழகினவர்களுக்கு அது சீக்கிரம் வந்துவிடுகிறது.

இன்னொரு தொல்லை, வீடியோ பார்த்து வர்மம், அதாவது உடம்பில் அடி பட்டால் ஆபத்தான இடங்களை, கற்றுக்கொடுப்பது. வர்மம் 108, அதில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று ஒப்பிப்பது சுலபம். ஆசான்மார் சீடனைப் பல வருஷம் பார்த்துவிட்டுத்தான் அதில் கை வைக்கவே விடுவார்கள். உடற்பயிற்சிக்கு வருகிறவருக்கு அது தேவையே இல்லை.

சரி, என் கோரிக்கைக்கு வருகிறேன். தரைதான் பிரச்சினை. சுவட்டில் முழங்காலை மடக்கித் தாழ்ந்து நின்று, முன்கால் பாதத்தில் உடம்பின் எடையை வைத்துச் சட்டென்று திரும்ப வேண்டும். மண்டபத்து டைல்ஸில் வியர்வை சொட்டினால் வழுக்கும். பூங்காவில் பதித்திருக்கிற இன்டர்லாக் கல்லில் நேர் எதிர், பாதம் பிடித்துக்கொள்ளும், உடம்பு மட்டும் திரும்பும், அந்த முறுக்கு முழுவதும் மூட்டுக்குப் போகும். மண்ணில் பாதமும் சேர்ந்து திரும்பும். பழைய களரிகள், அதாவது பயிற்சிக் களங்கள், எல்லாம் மண் தரையாக இருந்தது காசு இல்லாமலா?

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில் சிலம்பத்தைச் செயல்விளக்க விளையாட்டாகச் சேர்த்தார்கள், சந்தோஷம். பழகுவதற்கு இடம் வேண்டாமா? நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் என்று எங்கே பூங்காவைச் சீரமைத்தாலும் முழுக்கக் கல் பதிக்காமல் ஒரு மூலையை மணல் கலந்த செம்மண்ணாக விட்டால் போதும். எங்கள் குமரி மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு, திறந்து கிடந்தால் சகதியாகிவிடும், அதனால் மேலே ஒரு தகரக் கூரையும் வேண்டும். காலையில் யோகா செய்கிறவர்கள் அதே மண்ணில் பாய் விரித்துக்கொள்ளட்டும், சாயங்காலம் பிள்ளைகள் கம்பு சுற்றட்டும். இதற்கு என்ன செலவாகும் என்று மாநகராட்சி, நகராட்சிப் பொறியாளர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தக்கலை.