செயலாளரின் ஆண்டறிக்கை 2025: சிறு செய்மதிக்கான சோலர் பனல் வேலை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகசபை உறுப்பினர்களே, கழகத் தோழர்களே, பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

திருகோணமலையில் வானொலியிலும் விண்ணியலிலும் ஆர்வம் கொண்டோர் கூடி நடத்தும் எமது கழகத்தின் 2025ஆம் ஆண்டு அறிக்கையைச் சபையில் சமர்ப்பிக்கிறேன். கூட்டக் குறிப்புகளும் உறுப்பினர் பதிவேடும் மேசையில் இருக்கின்றன, விரும்பியோர் எடுத்துப் பார்க்கலாம். கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். எங்கள் உழைப்பில் பெரும்பங்கு சோலர் பனலுக்கே போனதால் என் அறிக்கையும் அதைப் பற்றியதாகவே அமைகிறது.

சென்ற பொதுக்கூட்டத்தில் இளைய உறுப்பினர்கள் எழுந்து, நாங்களும் ஒரு செய்மதி செய்வோம் என்றார்கள். கேட்கச் சந்தோசமாக இருந்தது. 2019இல் இலங்கையின் முதற் செய்மதியான இராவணா-1, யப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவனத்தில் எம் நாட்டு இளம் பொறியியலாளர் இருவர் கையால் உருவாகி, அந்த ஆண்டு யூன் 17இல் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து விடுவிக்கப்பட்டது. எடை ஒரு கிலோவுக்குச் சற்று அதிகம். 1999இல் ஜோர்டி புயிக்-சுவாரி, பொப் ட்விக்ஸ் என்ற இரு அமெரிக்கப் பேராசிரியர்கள் வகுத்த கியூப்சாட் அளவில், பக்கத்துக்கு 10 சென்ரிமீற்றரே கொண்ட பெட்டி அது. அவ்வளவு சிறியதென்றால் எங்களாலும் முடியும் என்று பிள்ளைகள் நினைத்ததில் ஆச்சரியமில்லை.

ஆனால் ஏவுவதற்கான இடம், அலைவரிசை ஒருங்கிணைப்பு, தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி எதுவும் எங்கள் கையில் இல்லை. எங்கள் கையில் இருப்பது வேலைப்பாடு. ஆகவே ஒரே ஓர் உறுப்பைத் தெரிந்தெடுத்து, அதை நம்பத்தக்கதாகச் செய்வோம் என்று நிர்வாகசபை முடிவெடுத்தது. அந்த முடிவு சரியானதென்றே இன்றும் உறுதியாக நம்புகிறேன்.

ஏன் சோலர் பனல்? 1958இல் ஏவப்பட்ட வான்கார்ட்-1 தான் சூரியக் கலம் பூட்டிச் சென்ற முதற் செய்மதி. அதன் பற்றரியில் ஓடிய ஒலிபரப்பி அதே ஆண்டு யூனில் ஓய்ந்தது. சூரியக் கலத்தில் ஓடியதோ 1964 வரை பேசியது. இன்னும் வியப்பானது, எங்கள் வானொலிக்காரர் அனைவருக்கும் தெரிந்த அமெச்சூர் வானொலிச் செய்மதியான ஒஸ்கார்-7. 1974இல் போன அந்தச் செய்மதி 1981இல் பற்றரி குறுஞ்சுற்றானதால் அடங்கிப்போனது. 2002இல் அதன் குரல் மறுபடியும் கேட்டது. பழுதான பற்றரியின் குறுஞ்சுற்று திறந்துகொண்டதால், பனலின் மின் நேரே ஒலிபரப்பிக்குப் போகத் தொடங்கியிருந்தது. அது முதல் வெயிலில் மட்டும் பேசும், நிழலுக்குள் போனால் அடங்கும். உவர்மலையில் அன்ரெனா பிடித்து அந்தச் சத்தத்தை மாணவர்களுக்குக் கேட்கவைத்தோம். தங்கள் தாய் தகப்பன் பிறக்குமுன் ஒட்டிய கலங்கள் அவை என்று அறிந்தபோது, பிள்ளைகளுக்கு வேலையின் பெறுமதி நான் சொல்லாமலே விளங்கியது.

அதன் பிறகு கணக்குப் போட்டோம். விண்வெளிக்கான மூன்றடுக்குக் கலம் 8க்கு 4 சென்ரிமீற்றர், மூலை வெட்டியது, பரப்பு ஏறத்தாழ 30 சதுர சென்ரிமீற்றர். கியூப்சாட் பெட்டியின் ஒரு முகத்தில் இரண்டுதான் பிடிக்கும். வளிமண்டலத்துக்கு வெளியே சதுர மீற்றருக்கு 1361 வாற் வெயில். கலத்தின் திறன் 30 சதவீதம் என்று வைத்தால், வெயில் நேரே விழும்போது ஒரு முகம் தருவது 2.4 வாற் அளவுதான். ஒரு சின்ன எல்.ஈ.டி. குமிழுக்கே போதாத இந்த மின்னில் கணினி, வானொலி, பற்றரி எல்லாம் பிழைக்கவேண்டும். ஒரு மூட்டில் வீணாகும் சொற்ப மின்னும் அங்கே பெரிது.

விண்வெளிக் கலங்கள் விலை கூடியவை, விரல் பட்டாலே உடையக்கூடியவை. ஆதலால் முதலில் சாதாரண சிலிக்கன் கலங்களை வெட்டி மாதிரிப் பனல்கள் செய்தோம். ஒட்டும் பசைதான் எங்களை நெடுநாள் மறித்துவைத்தது. சூட்டிலும் குளிரிலும், கலத்தின் சிலிக்கனை விட அது ஒட்டப்படும் சுற்றுப் பலகை ஐந்து மடங்குக்கு மேல் விரியும், சுருங்கும். பசை விறைப்பாயிருந்தால் கலம் வெடிக்கும். ஆகவே இளகிய சிலிக்கோன் பசை வேண்டும். கடையில் வாங்கும், வினாகிரி மணம் வீசும் குளியலறைப் பசை உதவாது. அதன் அமிலம் செம்பை அரிக்கும். வெற்றிடத்தில் அதிலிருந்து வெளியேறும் ஆவி கலத்திலும் கமராக் கண்ணாடியிலும் படியும். விண்வெளிக்கு ஏற்கப்படும் பொருள் வெற்றிடச் சோதனையில் இழக்கும் எடை 1 சதவீதத்துக்கும், படியக்கூடிய ஆவி 0.1 சதவீதத்துக்கும் உள்ளேயே இருக்கவேண்டும் என்பது விதி.

பசைக்குள் காற்றுக் குமிழி அகப்பட்டால் அதுவும் ஆபத்து. வெற்றிடத்தில் அது ஊதிக் கலத்தைத் தூக்கிவிடும். ஏசி திருத்தும் எமது உறுப்பினர் தம் வெற்றிடப் பம்பைக் கொண்டுவந்து, தடித்த கண்ணாடி மூடி போட்ட பாத்திரத்துக்குள் பசையை வைத்துக் காற்றை உறிஞ்சியெடுக்கும் முறையை அமைத்துத் தந்தார். கிண்ணியாவிலிருந்து வரும் இரு தம்பிமார், கலங்களை இணைக்கும் உலோகப் பட்டியில் சிறு வளைவு விட்டுப் பற்றாசு பிடிக்கப் பழகினார்கள். விரிந்து சுருங்கும்போது அந்த வளைவு நெகிழ்ந்து கொடுக்கும், மூட்டு அறாது. இவர்கள் மூவருக்கும் கழகம் கடமைப்பட்டிருக்கிறது.

சோதனைக்கு வெயில் எங்களுக்குக் கைகொடுத்தது. திருகோணமலை வடக்கே எட்டரைப் பாகையில் இருப்பதால் சித்திரைப் புத்தாண்டை அண்டிய நாட்களிலும், ஆவணியின் நடுப்பகுதியிலும் நண்பகற் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். பனலை மட்டமாகக் கிடத்தினாலே போதும், சாய்வுத் தாங்கி தேவையில்லை. பக்கத்தில் அளவு தெரிந்த ஒப்பீட்டுக் கலம் ஒன்றை வைத்து, சுமைத் தடையை மாற்றி மாற்றி மின்னோட்டத்தையும் வோல்ற்றளவையும் வளையியாக வரைந்தோம். அளக்கும் வயரின் தடை கணக்கைக் குழப்பாதிருக்க வோல்ற்றளவுக்குத் தனியே இரு வயர்கள். மூடிவைத்த பனலைத் திறந்தவுடன் அளக்கவேண்டும். சூடேறச் சூடேற ஒரு சிலிக்கன் கலம் பாகைக்கு ஏறத்தாழ 2 மில்லிவோல்ற் இழக்கும். வளையி மடங்கி இறங்கும் இடமான முழங்கை தளர்ந்திருந்தால் எங்கோ ஒரு மூட்டுச் சரியில்லை என்று இப்போது எங்கள் மாணவர்கள் பார்த்தவுடன் சொல்கிறார்கள்.

இதிலிருந்து வந்த முக்கிய பாடம் ஒன்று. 400 கிலோமீற்றர் உயரத்தில் செய்மதி 92 நிமிடத்துக்கொரு முறை பூமியைச் சுற்றும். அதில் 36 நிமிடம் வரை நிழல். நிழலில் உறைந்த பனல் வெயிலுக்கு வரும் அந்தக் கணத்தில்தான் அதன் வோல்ற்றளவு உச்சம். பற்றரியை ஏற்றும் சுற்றை நண்பகல் அளவைப் பார்த்து அமைத்தால் போதாது, அந்தக் குளிர்ந்த கணத்துக்கும் தாங்கும்படி அமைக்கவேண்டும்.

இந்தச் சூடும் குளிரும் ஆண்டுக்கு 5,600 தடவைக்கு மேல் வரும். நாங்கள் ஐஸ்கிறீம் கடைக் குளிரூட்டியையும் மின்போறணையையும் மாறி மாறிப் பயன்படுத்தினோம். குளிரிலிருந்து எடுத்தவுடன் எங்கள் ஈரக் காற்று பனல் முழுவதும் பனியாகப் படிந்தது. அதனால் ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு பைக்குள் அடைத்தே வைத்து எடுக்கிறோம். தடித்த பசையில் ஒட்டிய சில கலங்கள் கீறு விட்டன, மெல்லியதாகப் பூசியவை தாங்கின. கீறு விட்டவற்றை எறியவில்லை, எங்கே தொடங்கிற்று என்று குறிப்பெழுதி வைத்திருக்கிறோம்.

கடலோரம் இருப்பதில் ஒரு தொல்லை உப்பு. வாடைக்காற்றுக் காலத்தில் திறந்த யன்னலுக்கருகில் வைத்த செம்பு மங்கிவிடும். ஆகவே கையுறை இல்லாமல் யாரும் பனலைத் தொடக்கூடாது, வேலை முடிந்ததும் அற்ககோல் துடைப்பு, பிறகு மூடிய பெட்டி என்பது கழக விதியாகிவிட்டது. ஆய்வுகூடத் தோழர்கள் இதைக் கண்டிப்பாகத் தொடரவேண்டும்.

அதிர்வுச் சோதனைக்கான மேசை எங்கள் ஊரில் இல்லை. பல்கலைக்கழகம் ஒன்றுக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம். பாடசாலைச் செயலமர்வுகள் நன்றாக நடந்தன. சம்பூர் சூரிய மின் நிலைய வேலை 2025 ஏப்ரலில் தொடக்கிவைக்கப்பட்ட பின், சோலர் தொழில் பற்றிக் கேட்டு வரும் இளைஞர்கள் கூடியிருக்கிறார்கள். அவர்களையும் சேர்த்துக்கொள்வோம்.

வரும் ஆண்டுக்கு நிர்வாகசபை ஒரு கோரிக்கையை முன்வைக்கிறது. மூன்றடுக்குக் கலங்கள் ஒரு முகத்துக்கு மட்டும் வாங்க அனுமதி தாருங்கள். ஏவுதல் பற்றிய பேச்சு அந்த முகம் சூடு, குளிர், வெற்றிடம், அதிர்வு நான்கையும் தாண்டிய பிறகு வரட்டும். தீர்மானத்தை உபதலைவர் முன்மொழிவார், வழிமொழிய விரும்புவோர் பெயரைத் தலைவரிடம் கொடுக்கவும். அடுத்து, பொருளாளர் கணக்கறிக்கையை வாசிப்பார்.