கல்லைத் தேய்க்காதே, வெளிச்சத்தைத் திருப்பு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட் பகுதியில் இருக்கும் பெயின்ஸ்விக் ஊரின் செயின்ட் மேரி சர்ச்சில் கல்லறைக் கற்களைப் பதிவு செய்யும் குழுவோடு சனிக்கிழமைகளில் போகப்போவதாக எழுதியிருந்தாய். "வயர் பிரஷ் ஒன்று வாங்கி வைக்கவா?" என்று கேட்டிருந்தாயே, அதற்கு முதலில் பதில். வேண்டாம்மா. வயர் பிரஷ், ப்ளீச், ஆசிட், பிரஷர் வாஷர் எதுவுமே அந்த வாசலைத் தாண்டக் கூடாது. எழுத்து பளிச்சென்று தெரியவேண்டும் என்று சிலர் ஷேவிங் ஃபோம் பூசுவார்கள், மாவு அப்புவார்கள், சாக்பீஸால் தேய்ப்பார்கள். ஃபோமில் உள்ள ரசாயனம் கல்லின் நுண்துளைகளில் தங்கிவிடும். மாவு பூஞ்சைக்குத் தீனி. சாக்பீஸை அழுத்தும்போது எழுத்தின் விளிம்பே பொடிந்து வரும்.

காரணம் அந்தக் கல்தான். காட்ஸ்வோல்ட் பகுதியின் சுண்ணாம்புக் கல்லை லென்ஸ் வைத்துப் பார்த்தால் மீன் முட்டையைக் கொட்டிவைத்த மாதிரி பொடிப்பொடி உருண்டைகள் தெரியும். அவற்றை ஒட்டிவைத்திருப்பதும் சுண்ணாம்புதான். மழை நீரில் உள்ள அமிலம் அந்த ஒட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. மழை படாத மறைவிடத்தில் கரிப்புகையின் கந்தகம் சேர்ந்து கறுப்பு ஓடு கட்டும். ஓடு கொப்புளித்து உதிர்ந்தால் அடியில் சர்க்கரை மாதிரி பொலபொலவென்று கல் நிற்கும். விரல் பட்டாலே போய்விடும். நம்மூர்க் கருங்கல்லில் ஈரத்தாளை ஒட்டி, பிரஷால் அடித்து, மைப்படி எடுப்பது உனக்குத் தெரியும். அந்த அடியை இந்தக் கல் தாங்காது.

அதனால் உன் கருவி வெளிச்சம்தான். எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழ வேண்டும். அதற்கு ஒளி கல்லின் முகத்தை உரசிக்கொண்டு பக்கவாட்டில் வர வேண்டும். இங்கிலாந்தில் சர்ச் கிழக்கு மேற்காக இருக்கும், உடலின் தலை மேற்கே, கால் கிழக்கே. ஆகவே தலைக்கற்களின் முகம் பெரும்பாலும் கிழக்கையோ மேற்கையோ பார்க்கும். கோடையில் அங்கே கடிகாரம் ஒரு மணி காட்டும்போதுதான் சூரியன் நேர் தெற்கே வரும். கிழக்கு முகக் கல்லை அதற்குச் சற்று முன்னால் படி, மேற்கு முகக் கல்லை அதற்குச் சற்றுப் பின்னால் படி. காலையில் வெறும் தட்டையாகத் தெரிந்த கல்லில் அந்த அரைமணி நேரத்தில் வரி வரியாகப் பெயர் எழுந்து நிற்கும். வெயில் நேராக விழுந்தால் ஒருவர் கல்லுக்கு நிழல் பிடிக்கட்டும், இன்னொருவர் வெயிலில் நின்று முகம் பார்க்கும் கண்ணாடியால் ஒளியைப் பக்கவாட்டில் திருப்பட்டும். மேகமூட்டமான நாளில் கறுப்புக் குடையால் மறைத்து, டார்ச்சைக் கல்லின் ஓரத்தில் கிட்டத்தட்டப் படுக்கவைத்துப் பிடி. இடப்பக்கம், வலப்பக்கம், மேலிருந்து என்று மூன்று படமாவது எடு. ஒரு திசை ஒளியில் மறையும் கோடு மறு திசையில் தெரியும்.

பறவை எச்சத்தை மட்டும் வெறும் தண்ணீரும் மெத்தென்ற பிரஷும் கொண்டு எடுக்கலாம், அதுவும் கல் கெட்டியாக இருந்தால். வட்ட வட்டமாகப் படர்ந்திருக்கும் மஞ்சள், சாம்பல் திட்டுகளைச் சுரண்டாதே. நாம் குழம்புக்குத் தாளிக்கும் கல்பாசியின் உறவு அது. பல வகைகள் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராது. உள்ளங்கை அகலத் திட்டு ஒன்று கல் நட்ட நாளிலிருந்தே அங்கே இருக்கலாம். சுரண்டினால் அது பிடித்திருக்கும் கல்லும் கூடவே வரும்.

பெயின்ஸ்விக்கின் பெருமை கம்பளித் துணி வியாபாரிகளின் பெட்டிக் கல்லறைகள்தான். தேயிலை டப்பா என்று ஊரார் செல்லமாகச் சொல்லும் உருண்டைக் கல்லறைகளும் உண்டு. பிரையன் குடும்பத்துக் கல்தச்சர்களின் கைவண்ணம் அங்கே நிறைய. 1787இல் இறந்த ஜான் பிரையனின் சொந்தக் கல்லறையோ பிரமிடு வடிவம். பெட்டிக் கல்லறை என்றால் நாலு பக்கக் கற்பலகை, மூலைத் தூண்கள், மேலே ஒரு மூடுகல், இவ்வளவுதான். உள்ளே உடல் இல்லை. உடல் தரைக்கு அடியில் இருக்கிறது, பெட்டி வெறும் கூடு. பலகைகளை உள்ளிருந்து பிடித்திருப்பவை இரும்புக் கவ்விகள். இணைப்பு வழியே தண்ணீர் இறங்கினால் இரும்பு துருப்பிடித்துப் பல மடங்கு உப்பும், கல்லின் மூலை தெறிக்கும். ஐவி கொடியும் ஆஷ் மரக்கன்றும் அந்த விரிசலில்தான் வேர் விடும். கொடியைப் பிடித்து இழுக்காதே, பலகையே சரியும். அடித்தண்டை அறுத்துவிட்டு, காயவிட்டு, பிறகுதான் எடுக்க வேண்டும். அதைப் பொறுப்பாளர்கள் முடிவு செய்யட்டும். இணைப்பை சிமெண்டால் பூசியிருந்தால் படிவத்தில் குறித்துவை. சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது, பூச்சு அப்படியே நிற்கும், பக்கத்துக் கல் கரையும். அங்கே சுண்ணாம்புக் காரைதான் பொருந்தும்.

சில கல்லறைகளில் எழுத்து செப்புத் தகட்டில் பொறித்துப் பதித்திருக்கும். கல்லெழுத்து மங்கிய இடத்திலும் தகடு படிக்கக் கிடைக்கும். தகட்டுக்குக் கீழே கல்பாசி இல்லாமல் ஒரு நீளப் பட்டை தெரிந்தால் வியக்காதே. செம்பு கரைந்து வழிந்த நீரில் அது பிழைப்பதில்லை. தகட்டை மட்டும் மினுக்கிவிடாதே.

பிற்காலத்து மார்பிள், கிரானைட் கற்களில் ஈய எழுத்து பதித்திருப்பார்கள். எழுத்தின் பள்ளத்துக்குள் சிறு துளைகள் போட்டு ஈயத்தை அடித்து இறக்குவது வழக்கம். ஈயம் விழுந்துபோனாலும் துளைகள் இருக்கும். அவற்றின் வரிசையைப் பார்த்தே எந்த எழுத்து என்று சொல்லிவிடலாம். துளைகளைப் படம் வரைந்துகொள்.

தேதியில்தான் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள். 1752க்கு முன் இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25இல். டிசம்பர் 1723இல் பிறந்த குழந்தை பிப்ரவரி 1723இல் இறந்தது என்று கல் சொன்னால் சிற்பியின் தப்பு இல்லை. அந்த பிப்ரவரி நம் கணக்கில் 1724. "வயதின் 63ஆம் ஆண்டில்" என்று இருந்தால் முடிந்த வயது 62. எஃப் போலத் தெரிவது அந்தக் காலத்து நீள எஸ்ஸாக இருக்கலாம். ரெலிக்ட் என்றால் கைம்பெண். கல்லில் இருப்பது இறந்த நாள், சர்ச் பதிவேட்டில் இருப்பது அடக்கம் செய்த நாள், இரண்டும் ஒத்துப்போகாது. 1813 முதல் அச்சிட்ட பதிவேட்டில் வயதும் வசித்த ஊரும் இருக்கும். சந்தேகம் வந்தால் அங்கே போய்ப் பார், கல்லைத் திருத்தாதே.

ஒரு கல்லுக்கு ஒரு எண், ஒரு படிவம். உயரம், அகலம், கனம், முகம் பார்க்கும் திசை, கல்லின் வகை, சாய்வு, விரிசல் எல்லாம் எழுது. வாசகத்தை எழுத்துப் பிழையோடு அப்படியே எடு, வரி முறியும் இடத்தில் சாய்கோடு போடு. தெரியாத எழுத்தைச் சதுர அடைப்புக்குறிக்குள் புள்ளியாக விடு. ஊகத்தைத் தனியே எழுது. நீ இன்று ஊகத்தில் நிரப்பும் ஒரு பெயரை, அந்தக் கல் உதிர்ந்த பிறகு யாரும் சரிபார்க்க முடியாது. இதை மட்டும் கவனமாகச் செய்யம்மா.

எந்தக் கல்லிலும் சாயாதே, உட்காராதே, ஆடுகிறதா என்று தள்ளிப் பார்க்காதே. தலைக்கல் விழுந்து குழந்தைகள் இறந்ததுண்டு. நிமிர்த்தவோ நகர்த்தவோ மறைமாவட்டத்தின் அனுமதி, ஃபேகல்ட்டி என்பார்கள், அது வேண்டும். கல் சர்ச்சின் சொத்தும் அல்ல, அடங்கியவரின் வாரிசுகளுடையது. அங்குள்ள யூ என்னும் மரங்கள் 99தான் என்பது ஊர்ப் பேச்சு. இலையும் விதையும் நஞ்சு, சாப்பாட்டு டப்பாவை அதன் அடியில் திறக்காதே.

பேனா வேண்டாம், மழையில் மை கரையும். பென்சில் இரண்டு, முழங்காலுக்கு ஒரு மெத்தை, சின்னக் கண்ணாடி, டார்ச், கறுப்புக் குடை. இவை போதும். முதல் சனிக்கிழமை எடுத்த படங்களில் படிக்க முடியாதவற்றை எனக்கு அனுப்பு, சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அப்பா