பீட் தோண்டுவதை நிறுத்தினால் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் செடி வளர்க்க, ஈரநிலங்களில் மட்காமல் படிந்த தாவர மிச்சமான பீட்டை விட்டு, நம் காயர் பித்துக்கு (தென்னைநார்க் கழிவுத் தூளுக்கு) மாறிவருவது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். இந்தத் தொழிலில் இருப்பவன் என்பதால் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால், பீட் தோண்டுவது நின்றால் அந்த ஈரநிலம் தானாகத் தேறிவிடும் என்பதுபோல் எழுதியிருந்தது சரியல்ல.

பீட் எடுப்பதற்கு முன் நிலமெங்கும் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடிப்பார்கள். ஆட்களும் இயந்திரங்களும் போன பிறகும் அந்த வாய்க்கால்கள் வடித்துக்கொண்டேதான் இருக்கும். நீர் இறங்கிய இடத்தில் காற்று புகும். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மட்காமல் கிடந்த தாவர மிச்சம் மட்கிக் கார்பன் டை ஆக்சைடாக வெளியேறும். அயர்லாந்தின் அரசு நிறுவனமான போர்ட் ந மோனா, பீட் எடுப்பதை நிறுத்திவிட்டதாக 2021 ஜனவரியில் அறிவித்தது. அதோடு விட்டுவிடாமல், ஏறத்தாழ 33,000 ஹெக்டேரைச் சீரமைக்கும் திட்டத்தில் வாய்க்கால்களை அடைத்துவருகிறது.

சரி, அடைத்துத் தண்ணீரைத் தேக்கினால் முடிந்ததா? இல்லை. மேலே இருந்த உயிருள்ள பாசி அடுக்கு மழைநீரை ஏராளமாகப் பிடித்துவைத்துக்கொள்ளும். தோண்டிய பின் மிஞ்சுவதோ இறுகிப்போன பழைய பீட். அதன் துளைகள் மிக நுண்ணியவை. ஒரு மழைக்கே நீர்மட்டம் சரசரவென ஏறும், சில வாரம் வெயிலடித்தால் அதே வேகத்தில் இறங்கும். இந்த நிலத்தை உருவாக்கிய ஸ்பாக்னம் பாசிக்கு வேர் கிடையாது. நீர்மட்டம் தரையிலிருந்து சுமார் 40 செ.மீ.க்குக் கீழே போய்விட்டால், இறுகிய பீட் பிடித்துவைத்திருக்கும் நீரை அதனால் உறிஞ்ச முடியாது. அதற்காக அளவுக்கு மீறித் தேக்கினால் அலை பீட்டை அரிக்கும், பாசி நிலைக்காது, மீத்தேன் வாயு வெளியேறுவதும் கூடும். தரையை ஒட்டி, ஓரிரு சாண் ஆழத்துக்குள், அதுவும் கோடையிலும் மட்டத்தை நிறுத்துவதுதான் உண்மையான வேலை. நிலம் லேசாகச் சரிந்திருந்தால்கூட ஒரே கரை போதாது. மேல்பக்கம் காயும், கீழ்ப்பக்கம் மூழ்கும். நம் மானாவாரி விவசாயிகள் சமமட்ட வரப்பு போடுவதைப் போல அங்கும் தாழ்வான கரைகளை அடுத்தடுத்துப் போடுகிறார்கள்.

பொறுமையாகச் செய்தால் பலன் உண்டு. கனடாவின் கியூபெக்கில் உள்ள புவா-டே-பெல்லில் 1999-இல் வாய்க்கால்களை அடைத்து, கரை போட்டு, பாசித் துணுக்குகளைத் தூவி, ஈரம் காக்க மேலே வைக்கோலைப் பரப்பினார்கள். சுமார் 14 ஆண்டுகளுக்குப் பிறகு அளந்து பார்த்தபோது, அந்த நிலம் வெளியிடுவதைவிட அதிகக் கார்பனை உள்ளிழுத்துக்கொண்டிருந்தது.

காயர் பித்தின் உப்பைக் கழுவ இங்கே நாங்கள் இறைக்கும் நிலத்தடி நீர் தனியாகப் பேச வேண்டிய விஷயம். அதற்கும் ஒருநாள் இடம் கொடுங்கள். இப்போதைக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை பீட் நிலங்களைப் பற்றி எழுதும்போது எத்தனை ஹெக்டேர் மீட்கப்பட்டது என்பதோடு, அங்கே கோடையில் நீர்மட்டம் எத்தனை செ.மீ. ஆழத்தில் இருந்தது என்பதையும் கேட்டு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பொள்ளாச்சி