திருடி திருடியாகவே இருந்திருக்கலாம்

அன்பு மகளுக்கு,

நீ போன தடவை வந்தபோது வைத்துவிட்டுப் போன நாவலை, அதுதான் இங்கிலாந்துக் கதைகளில் வரும் காட்டுக் கொள்ளைக்காரன் ராபின் ஹுட்டை வைத்து எழுதியதை, முடித்துவிட்டேன். அதைப் பற்றி நீயும் உன் நாட்டிங்ஹாம் தோழிகளும் ஆளுக்கொன்று சொன்னதைப் போனில் கேட்டதிலிருந்து எனக்கும் சொல்ல நிறைய இருக்கிறது, நீ பஸ்ஸில் ஏறும் அவசரத்தில் கேட்டால் சரிப்படாது, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் கதாநாயகியான அந்தத் திருடியைப் பற்றிய உன் குறை. சந்தைக் கூட்டத்துக்குள் புகுந்து இடுப்புப் பையை அறுத்துக்கொண்டு ஓடியவள், காதல் வந்ததும் மெழுகாய் உருகிவிட்டாள் என்றாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை கண்ணு. யாரையும் நம்பாமல் வளர்ந்தவள் ஒருவனை நம்பத் தொடங்கினால் தடுமாறத்தான் செய்வாள். திருடிய ரொட்டியை அவனுக்குப் பிட்டுக் கொடுக்கிற இடத்தை மறுபடி படி. அதுவரை அவள் யாருக்கும் எதையும் கொடுத்ததே இல்லை.

வசனம் இந்தக் காலத்துப் பேச்சாக இருக்கிறது என்கிற குறையை விட்டுவிடு. கதை நடக்கிற 1190-களின் ஆங்கிலத்தில் எழுதினால் உங்களில் யாருக்கும் புரியாது. அந்தத் திருடி ஆண் வேடம் போடுவது சினிமாத்தனம் என்று ஒருத்தி சொன்னாளாமே, அதற்கு மட்டும் பதில் சொல்லியே ஆக வேண்டும். ராபினின் காதலி மரியனைப் பற்றிய பழைய கதைப்பாட்டு ஒன்றிலேயே அவள் ஆண் வேடத்தில்தான் காட்டுக்குள் ராபினைத் தேடிப் போகிறாள். வில், அம்பறாத்தூணி, வாள், கேடயம் எல்லாம் அவளிடம் இருக்கிறது. அவனும் மாறுவேடத்தில் வருகிறான், ஒருவரையொருவர் அடையாளம் தெரியாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் வாள்சண்டை போடுகிறார்கள், அவன் முகத்தில் ரத்தம் வழிகிறது, அவளுக்கும் காயம். கடைசியில் அவன் 'கையை நிறுத்து, என் கூட்டத்தில் சேர்ந்துகொள்' என்று வாய் திறந்த பிறகுதான் குரலை வைத்து அவள் கண்டுபிடிக்கிறாள். அவள் சளைக்காமல் நின்றதால்தானே அவன் கூப்பிட்டான்! எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அது.

அப்புறம் சட்டம். நான் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்தவள், அந்தப் பக்கங்களை வேகமாகத் தாண்ட முடியவில்லை. நம் கோர்ட் வாசலில் டவாலி மூன்று முறை பேர் சொல்லிக் கூப்பிடுவார், ஆள் வராவிட்டால் பிடிவாரண்ட். அந்தக் கால இங்கிலாந்தில் கவுண்டி (மாவட்டம் மாதிரி) நீதிமன்றம் கூடும்போதெல்லாம் பேரைக் கூப்பிடுவார்கள், ஐந்தாவது கூட்டத்துக்கும் வராவிட்டால் அவன் சட்டத்துக்கு வெளியே. பொருள் அரசனுக்குப் போய்விடும், 'ஓநாய்த் தலையன்' என்பார்கள், அதாவது ஓநாயைப் போல யார் வேண்டுமானாலும் கொல்லலாம். பெண்களுக்கு இதைவிட விசித்திரம். பன்னிரண்டு வயதான ஆண்பிள்ளைகளைத்தான் பத்துப் பேர் கொண்ட பிணைக் குழுவில் சேர்த்து, சட்டத்துக்குக் கட்டுப்படுவதாகச் சத்தியம் வாங்குவார்கள். பெண்ணுக்கு அந்தச் சத்தியமே கிடையாது. சட்டத்துக்குள் சேர்க்காதவளை வெளியே தள்ள முடியாது என்று வக்கீல் தர்க்கம் பேசி, அவளுக்கு 'கைவிடப்பட்டவள்' என்று வேறு பெயர் வைத்தார்கள். நடப்பில் கதி ஒன்றுதான். அதனால் அந்தக் காட்டில் இருப்பவர்களிலேயே ஆதரவற்றவள் இந்தத் திருடிதான். ராபினுக்காவது அரசன் மன்னிப்புக் கொடுத்தால் திரும்பிப் போக ஓர் இடம் இருக்கிறது.

இவ்வளவு தூரம் அவளைக் கொண்டுவந்துவிட்டு முடிவில் என்ன செய்துவிட்டார்கள் பார்த்தாயா? அவள் காணாமல்போன ஒரு பிரபுவின் மகளாம்! உன் தோழிகளில் பாதிப் பேர் அந்த இடத்தில் அழுதார்கள் என்றாய். எனக்கு வயிறு எரிந்தது. ராபினுக்கும் முன்பு இதையேதான் செய்தார்கள். 1500 வாக்கில் அச்சான நீண்ட பாட்டில் அவன் பிரபு இல்லை, நைட் என்கிற வீரப்பட்டம் பெற்றவனும் இல்லை, யோமன் என்கிற நடுத்தரக்காரன். அதில் மரியனே கிடையாது, அரசன் பெயர்கூட எட்வர்ட். அவனை 1190-களில் ஆண்ட ரிச்சர்ட் அரசன் காலத்துக்கு நகர்த்தியது 1521-ல் சரித்திரம் எழுதிய ஜான் மேஜர். 1598-ல் அந்தனி மண்டே மேடையில் அவனை ஹண்டிங்டன் பிரபு ஆக்கினார், அதன்பிறகு அந்தப் பட்டம் அவனோடு ஒட்டிக்கொண்டது. நான் மேலே சொன்ன சண்டைப் பாட்டிலும் அவன் பிரபுதான், அவளும் உயர்குலத்துப் பெண்தான். ஏழையின் வீரத்தை ரசிக்கிறார்கள், ஆனால் கல்யாணம் என்று வந்தால் குலம் வேண்டியிருக்கிறது.

திருட்டு வழக்கில் நிற்கிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். கூண்டில் ஏறுவதற்கு முன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு நிற்பார்கள். பின்னாலிருந்து யாராவது 'நல்ல குடும்பத்துப் பெண்ணாம்' என்று சொன்னால் போதும், அங்கே இருக்கிற முகங்களெல்லாம் இளகிவிடும். அப்படிச் சொல்ல ஆள் இல்லாதவளுக்கு அந்த இளக்கம் கிடைக்காது. செய்த காரியம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். அந்த நாவலின் கடைசி அத்தியாயம் எனக்கு அந்தக் குரலைத்தான் ஞாபகப்படுத்தியது.

இந்த முடிவுதான் உச்சம் என்று வாதாடினாளே ஒருத்தி, அவளிடம் நான் கேட்டதாகக் கேள்: அந்தப் பிரபு வராமல், அவள் வெறும் சந்தைத் திருடியாகவே அவன் கையைப் பிடித்திருந்தால் உனக்கு அழுகை வந்திருக்குமா? என்ன சொல்கிறாள் என்று அப்படியே எழுது. அடுத்த பாகம் வந்திருந்தால் வாங்கி வை, குறை சொன்னாலும் நான் படிக்கத்தான் போகிறேன். அப்பா உன் இருமல் எப்படி இருக்கிறது என்று கேட்கச் சொன்னார்.

அன்புடன்,
அம்மா